மனசு சரியில்லைன்னா லீவு கேட்கலாமா? இ.எஸ்.ஐ., காப்பீடு, சட்டம்... வேலைக்குப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

காய்ச்சல், தலைவலி, வயிறு சரியில்லை, ஊர்ல விசேஷம்... லீவு கேட்டு நாம அனுப்புற மெசேஜ்ல இருக்குற காரணங்கள் பெரும்பாலும் இந்த நாலுக்குள்ளேயே அடங்கிடும். 'ரெண்டு வாரமா தூக்கமே இல்ல, காரணமே இல்லாம அழுகை வருது, இன்னிக்கு வேலைக்கு வர முடியாது'ன்னு உண்மையைச் சொல்றவங்க ரொம்பக் குறைவு.

ஏன் சொல்றதில்லைன்னு எல்லாருக்குமே தெரியும். 'மென்டல்'னு முத்திரை குத்திடுவாங்களோ, அப்ரைசல்ல கை வெச்சிடுவாங்களோ, வெளியில தெரிஞ்சா கல்யாணப் பேச்சு நின்னுடுமோ என்ற பயம்தான்.

ஆனா பலருக்கும் தெரியாத விஷயங்கள் சில இருக்கு. மனநலப் பாதிப்புக்கும் இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தோட ஒரு பங்கு கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 'மனநோய்க்குப் பணம் தர மாட்டோம்'னு பொதுவா ஒதுக்க முடியாது. உங்கள் டாக்டர் உங்க அனுமதி இல்லாம சிகிச்சை விவரத்தை ஆபீஸுக்குச் சொல்ல முடியாது. இவை எல்லாம் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பவை. 'காய்ச்சல்'னு எழுதி நாளைத் தள்ளினா, இதுல எதையும் பயன்படுத்த முடியாம போயிடும். சிகிச்சையும் தள்ளிப்போகும்.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலை எடுத்துக்கலாம். ஒலிம்பியா டெக் பார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள், 1958-ல் தொடங்கின கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையின் பட்டறைகள், டிவி சேனல் அலுவலகங்கள், தி.நகர் கடைகளுக்குப் போற ஊழியர்கள், டெலிவரி வண்டிகள்னு எல்லாம் கலந்த பகுதி இது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்குப் போற ஐ.டி. ஊழியரும், காலை ஷிஃப்ட்டுக்கு வர்ற லேத் ஆபரேட்டரும் ஒரே மெட்ரோ ஸ்டேஷன்ல கடந்து போறாங்க. இவங்கள்ல யாருக்கு மனசு சரியில்லைன்னாலும் எங்கே போகணும், என்ன கேட்கலாம், பக்கத்து சீட்ல இருக்கிறவர் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெறும் சோர்வா, பர்ன்அவுட்டா, மன அழுத்த நோயா?

டார்கெட், டெட்லைன் நேரத்துல டென்ஷன் வர்றது இயல்பு. வேலை முடிஞ்சதும் அது குறைஞ்சிடும். குறையாம நீடிச்சாதான் கவனிக்கணும்.

'பர்ன்அவுட்' என்ற சொல்லை இப்போ சாதாரணமாகவே பயன்படுத்துறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொல்கிறது. மூணு அடையாளங்களையும் குறிப்பிடுகிறது: சக்தியே இல்லாதது போன்ற களைப்பு, வேலை மீது வெறுப்பு அல்லது விலகல், 'என்னால எதுவும் ஒழுங்கா செய்ய முடியல' என்ற எண்ணம்.

மன அழுத்த நோய், அதாவது டிப்ரஷன், இதிலிருந்து வேறுபட்டது. அது ஆபீஸ் வாசலோடு நின்னுடாது. ஞாயிற்றுக்கிழமையும் கூடவே இருக்கும். பிடிச்ச படம், பிள்ளைகளோட விளையாட்டு, கிரிக்கெட் மேட்ச் எதுவும் ரசிக்காது.

டாக்டர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, 'எத்தனை நாளா?' என்பதுதான். கீழே இருக்கிறதில் பல அறிகுறிகள் 2 வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும் இருந்தால் டாக்டரைப் பார்க்கணும்:

• நாள் முழுக்க மனச்சோர்வு, அல்லது எதிலும் ஆர்வம் இல்லாமை
• தூக்கம் வராதது, விடியற்காலையிலேயே விழிப்பு, அல்லது அளவுக்கு மீறின தூக்கம்
• பசியில் பெரிய மாற்றம்
• படிச்ச மெயிலையே திரும்பத் திரும்பப் படிக்கிற அளவுக்குக் கவனச் சிதறல்
• 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற எண்ணம், தேவையில்லாத குற்ற உணர்வு
• செத்துட்டா நல்லா இருக்கும் என்ற நினைப்பு (இது ஒருமுறை வந்தாலும் 2 வாரம் காத்திருக்கக் கூடாது)

நம்ம ஊர்ல பலர் மனசைப் பத்திப் பேச மாட்டாங்க, உடம்பைப் பத்திதான் சொல்வாங்க. தீராத தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கை கால் அசதி என்று ஒவ்வொரு டாக்டரா மாறிக்கிட்டே இருப்பாங்க. ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் நார்மலா இருந்தும் தொல்லை தொடர்ந்தா, மனநலப் பக்கமும் ஒருமுறை பார்த்துடுறது நல்லது. அதே மாதிரி தைராய்டு, பி12 குறைபாடு போன்றவையும் மனச்சோர்வு மாதிரியே தெரியலாம். அதனாலதான் மனநல மருத்துவர்களும் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது உண்டு.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கு?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது தெரியவந்தது. சுமார் 100 பேர் வேலை பார்க்கும் ஒரு மாடியில் 10 பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதைவிடக் கவலை தரும் தகவல், சிகிச்சை பெறாதவர்களின் அளவு. நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சைக்குள் வரவில்லை என்கிறது அதே ஆய்வு.

உலக அளவில் டிப்ரஷன், பதற்ற நோய் இரண்டால் மட்டும் ஆண்டுக்கு சுமார் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகுது. 1 லட்சம் கோடி டாலர் இழப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வேலை நேரமும் இதில் முக்கியம். உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவிகிதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவிகிதமும் அதிகம். அதிக நேர வேலை உடம்பையே இப்படிப் பாதிக்குதுன்னா, தூக்கத்தையும் மனசையும் விட்டுவைக்குமா?

'கீழ்ப்பாக்கம்'னா ஏன் சிரிக்கிறோம்?

சென்னையில் ஒருத்தரைக் கிண்டல் பண்ண, 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு சொன்னா போதும். சினிமா காமெடியிலும் இந்த வார்த்தைக்குக் கைதட்டல் கிடைச்சது. அந்தச் சிரிப்புக்கு நாம கொடுக்கிற விலை, 'அங்க போனா என்னையும் அப்படித்தான் சொல்வாங்க'ன்னு ஒருத்தர் மாசக்கணக்கில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது.

உண்மையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், நாட்டின் பழமையான மனநல மருத்துவமனைகளில் ஒன்று. சென்னையில் 1794-ல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்தது. 1871-ல் இப்போதைய இடத்துக்கு மாறியது. 1978 முதல் மனநல மருத்துவ நிலையமாக, மனநல மருத்துவர்களை உருவாக்கும் கல்வி நிறுவனமாகவும் இருக்கு. அதற்கு மிக நீண்ட காலம் தலைமை வகித்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் டாக்டர் எம்.சாரதா மேனன். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பையும் தொடங்கினார். மனச்சிதைவு நோயாளிகளின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் அந்த அமைப்பு வேலை செய்யுது. 2021-ல் காலமாகும் வரை அவர் வலியுறுத்திய துறை இதுதான்.

இன்னொரு விஷயம். மனநல மருத்துவமனைக்குப் போனாலே 'அட்மிட் பண்ணிடுவாங்க' என்ற பயம் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் ஓ.பி.யில் டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான்.

யார்கிட்ட போகணும்?

மூணு பேரையும் ஒண்ணா நினைச்சு குழப்பிக்க வேணாம்.

மனநல மருத்துவர் (சைக்கியாட்ரிஸ்ட்): எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருவார்.

மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்): உளவியல் சோதனைகளும் பேச்சு சிகிச்சையும் அளிப்பவர். மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கலாம்.

ஆலோசகர் (கவுன்சலர்): வேலைப் பிரச்னை, குடும்பச் சிக்கல், துக்கம் போன்றவற்றைப் பேசித் தெளிய உதவுபவர்.

எங்கிருந்து தொடங்குறதுன்னு தெரியலையா? உங்க வழக்கமான டாக்டரிடமே ஆரம்பிக்கலாம். அவர் சரியான இடத்துக்கு அனுப்புவார்.

'மாத்திரை ஆரம்பிச்சா அடிமை ஆயிடுவோம்' என்ற பயம் பலருக்கு இருக்கு. டிப்ரஷனுக்குத் தரும் மருந்துகள் மதுவைப் போல போதை ஏற்படுத்தும் வகையல்ல. அவை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் பலன் தெரியலைன்னு விட்டுடுறதும், கொஞ்சம் சரியானதும் நாமளே நிறுத்திடுறதும்தான் பலர் செய்யும் தவறு. தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கு மட்டும் பழகிப்போகும் தன்மை உண்டு. அதனால மெடிக்கல் ஷாப்ல நாமளே கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

ஈக்காட்டுத்தாங்கல்ல இருந்து எங்கே போகலாம்?

போன்ல: 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்ற பெயரில் இயங்குது. ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி 2 மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் பேசலாம்.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால்: அடுத்த மெட்ரோ ஸ்டேஷனான அசோக் நகர்ல இறங்கினா, பக்கத்திலேயே கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலில் உங்க இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காட்டி, ரெஃபரல் வாங்கிக்கொண்டு போவது வழக்கமான முறை.

அரசு மருத்துவமனை: கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு அதே பச்சை வழித்தட மெட்ரோவில், ரயில் மாறாமல் கீழ்ப்பாக்கம் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் மேடவாக்கம் டேங்க் ரோடு போகலாம். 'அந்த இடம் வேணாம்'னு தோணினா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கு. மற்ற ஓ.பி. மாதிரியே சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

பேச யாராவது வேணும்னா: ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம். மனநல மருத்துவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் குறுக்கே பேசாம, அறிவுரை சொல்லாம கேட்பாங்க. எண்: 044-24640050.

இ.எஸ்.ஐ.யில் எவ்வளவு பணம் கிடைக்கும்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருக்கும் ஊழியர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவாங்க. உங்க பே ஸ்லிப்பைப் பாருங்க. 0.75 சதவிகிதம் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தா, நீங்க இதுக்குள்ள இருக்கீங்க. பட்டறை, துணிக்கடை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலைகளில் இருக்கும் பலருக்கு இது பொருந்தும்.

சாதாரண நோய்க்கால உதவி: ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சம்பளத்தில் 70 சதவிகிதம். மனநலப் பாதிப்பால் வேலைக்குப் போக முடியலைன்னு இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தந்தா இதைப் பெறலாம்.

நீட்டிக்கப்பட்ட உதவி: 34 நீண்டகால நோய்களுக்கு, சம்பளத்தில் 80 சதவிகிதம், அதிகபட்சம் 2 ஆண்டுகள் வரை. காசநோய், புற்றுநோய் இருக்கும் அதே பட்டியலில் மனச்சிதைவு நோய், இருதுருவ மனநோய், தீவிர மனச்சோர்வு வகை, மறதிநோய் ஆகியவையும் இருக்கு. இதுக்கு 2 ஆண்டு தொடர் வேலையும், அந்தக் காலத்தில் குறைஞ்சது 156 நாள் சந்தாவும் இருக்கணும்.

உதாரணமா, மாதம் 18,000 ரூபாய் வாங்குறவருக்கு 70 சதவிகிதம்னா தோராயமா 12,600 ரூபாய். 80 சதவிகிதம்னா 14,400 ரூபாய். வாடகை கட்டவும் வீட்டுச் செலவுக்கும் இது எவ்வளவு முக்கியம்னு சொல்ல வேண்டியதில்லை.

இதுக்கெல்லாம் ஆதாரம் அந்த மருத்துவச் சான்றிதழ்தான். 'காய்ச்சல்'னு சொல்லிட்டு வீட்ல படுத்திருந்தா, சம்பளம் இல்லா விடுப்பாகப் போயிடும். அடிக்கடி அப்படி நடந்தா 'ஒழுங்கா வர மாட்டேங்குறான்' என்ற பேரும் சேரும்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் செல்லுமா?

செல்லும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் அமலில் இருக்கு. அதன் 21(4) பிரிவுப்படி, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரணும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்ட்டில் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2022 அக்டோபரில் மீண்டும் கெடு விதித்தது.

ஆனா மூணு விஷயத்தைக் கவனிக்கணும்.

• பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளியாகப் பெறும் கவுன்சலிங், மாத்திரைச் செலவுக்கு ஓ.பி.டி. வசதி உள்ள பாலிசி வேணும்.
• புதுசா தனிநபர் பாலிசி எடுக்கும்போது, ஏற்கெனவே எடுத்த சிகிச்சையை மறைக்கக் கூடாது. பின்னால் கிளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாயிடும்.
• கம்பெனி குரூப் பாலிசி வெச்சிருந்தா, மனநலத்துக்குத் தனி உச்சவரம்பு இருக்கான்னு பாலிசி ஆவணத்தில் பாருங்க. ஹெச்.ஆர்.கிட்ட 'பாலிசி காப்பி வேணும்'னு கேட்டா போதும், எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்லை.

ஆபீஸுக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமா?

முதலில் ரகசியம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையை மருத்துவர்கள் மீது சுமத்துகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மேனேஜர் போன் பண்ணிக் கேட்டார் என்பது அதில் சேராது.

அடுத்தது, பாகுபாடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் பட்டியலிடப்பட்ட 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. தினசரி வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கும் மனநோய் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். தனியார் உட்பட நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடணும் என்கிறது இதன் 21-வது பிரிவு.

இதில் முக்கியமான தீர்ப்பு, 2021 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் தந்தது. சி.ஆர்.பி.எஃப். அதிகாரியான அவருக்கு மன அழுத்தமும் எண்ணச் சுழற்சி நோயும் இருந்தது. அவர் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை நீதிமன்றம் ரத்து செய்தது. நடத்தைக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் மனநலக் குறைபாடும் ஒன்றாக இருந்தால்கூட, அதுக்காகத் தண்டிப்பது மறைமுகப் பாகுபாடாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

அதே நேரம் நிதர்சனத்தையும் சொல்லிடணும். தனியார் நிறுவன ஊழியர்களுக்கு 'மனநல விடுப்பு' என்று தனிச் சட்டம் இல்லை. இருக்கிற மருத்துவ விடுப்புக்குள்தான் இதுவும் வரும். அதனால எழுத்துல வைக்கிறது நல்லது. லீவு கேட்ட மெயில், டாக்டர் சீட்டு, ஹெச்.ஆர். பதில் எல்லாத்தையும் சேமிச்சு வையுங்க.

அப்போ லீவு மெயில்ல என்ன எழுதுறது?

நோயின் பேரையும் எழுத வேணாம், பொய்யும் சொல்ல வேணாம். இப்படி எழுதலாம்:

'வணக்கம் மேடம். உடல்நலம் தொடர்பாக டாக்டரிடம் சிகிச்சை எடுத்து வருகிறேன். அவருடைய ஆலோசனைப்படி வரும் 3 நாட்களுக்கு மருத்துவ விடுப்பு தேவைப்படுகிறது. மருத்துவச் சான்றை இணைத்திருக்கிறேன்.'

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மனநலமும் உடல்நலத்தோடு சேர்ந்ததுதானே. நம்பிக்கையான மேனேஜர்னா இன்னும் கொஞ்சம் சொல்லலாம். முழுக் கதையும் சொல்ல வேண்டாம். வேலையில் உங்களுக்கு என்ன மாற்றம் தேவைன்னு சொன்னாலே போதும். 'ஒரு மாசத்துக்கு நைட் ஷிஃப்ட் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு டாக்டர் சொல்றார்' என்பது போல.

பக்கத்து சீட்ல இருக்கிறவர் சரியில்லைன்னா?

வழக்கமா கலகலன்னு இருக்கிறவர் டீ பிரேக்குக்கு வர்றதில்ல. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துட்டுப் போறார். சின்ன விஷயத்துக்கு எரிஞ்சு விழறார். குடி அதிகமாகுது. இதையெல்லாம் ஹெச்.ஆருக்கு முன்னாடி கவனிக்கிறது கூட வேலை செய்றவங்கதான்.

நாம சாதாரணமா சொல்லிடுறது: 'இதெல்லாம் ஒரு விஷயமா?', 'கல்யாணம் பண்ணா சரியாயிடும்', 'உனக்கு என்ன குறைச்சல்?', 'ஒரு கட்டிங் போட்டா எல்லாம் மறந்துடும்'. நல்ல எண்ணத்தில் சொன்னாலும், கேட்கிறவருக்கு 'இனி இவர்கிட்ட பேசக் கூடாது' என்றுதான் தோணும். கடைசியில் சொன்னது ஆபத்தும்கூட. மது, மனச்சோர்வை அதிகமாக்கும்.

அதுக்குப் பதிலா, கூட்டமில்லாத இடத்தில் இப்படிக் கேட்கலாம்:

'அண்ணா, கொஞ்ச நாளா சரியா சாப்பிடறது இல்ல போல. தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?'

பதில் வரலைன்னா விட்டுடுங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கேளுங்க. பேச ஆரம்பிச்சா குறுக்கே பேசாதீங்க, உங்க கதையைச் சொல்ல ஆரம்பிக்காதீங்க. 'டாக்டரைப் பாருங்க'ன்னு சொல்லிட்டு நகர்றதைவிட, 'சனிக்கிழமை நானும் கூட வர்றேன்'னு சொல்றது பெரிய உதவி. முதல் முறை ஓ.பி. வரிசையில தனியா நிக்கிறதுதான் பலருக்குக் கஷ்டம்.

அவர் சொன்னது உங்களோட இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் குடும்பத்தாரிடமோ நம்பிக்கையானவரிடமோ சொல்லியே ஆகணும்.

'சாகணும்னு தோணுதா?'ன்னு கேட்டா அந்த எண்ணத்தை நாமே தூண்டின மாதிரி ஆயிடுமோன்னு பயப்பட வேணாம். நேரடியா, கனிவா கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. பேச வழிதான் திறக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'ஆமா'ன்னு பதில் வந்தா அவரைத் தனியா விடாதீங்க. 14416-க்கு கூடவே உட்கார்ந்து போன் போடுங்க. உடனடி ஆபத்துன்னா 108.

போலீஸ் கேஸ் ஆகுமா?

தற்கொலைக்கு முயன்றவரை, கேஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருதணும். அவரைத் தண்டிக்கக் கூடாது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு இல்லை. அதனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

முதலாளிகளும் மேனேஜர்களும் என்ன செய்யலாம்?

வருஷத்துக்கு ஒருநாள் யோகா, மோட்டிவேஷன் ஸ்பீச்னு வெச்சுட்டு, மத்த நாள்ல ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் அனுப்பினா பலன் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேலையின் அமைப்பை மாற்றுவது, மேனேஜர்களுக்குப் பயிற்சி, நோயிலிருந்து திரும்பி வர்றவருக்குத் தகுந்த வேலை ஏற்பாடு ஆகியவற்றைப் பரிந்துரைக்குது.

தமிழ்நாட்டிலேயே இதுக்கு உதாரணம் உண்டு. காவல்துறையினருக்கு 2018-ல் நிம்ஹான்ஸ் உதவியோட 'நிறைவாழ்வு' பயிற்சி தொடங்கியது. 2021-ல் காவலர்களுக்கு வார விடுமுறை அளிக்கும் உத்தரவும் வந்தது. பயிற்சியோடு ஓய்வும் தேவை என்பதை ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது. அதே 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரணும் என்று ஆக்கினாங்க. நாள் முழுக்க நின்னே வேலை செய்யும் தி.நகர் துணிக்கடைப் பெண்ணுக்கு, மனநல உதவி ஒரு நாற்காலியில் இருந்தே தொடங்குது.

சின்ன பட்டறையோ பெரிய கம்பெனியோ, செலவில்லாம செய்யக்கூடியவை:

• ஷிஃப்ட் பட்டியலை முன்கூட்டியே சொல்வது. நைட், பகல் ஷிஃப்டை அடிக்கடி மாத்தாம இருப்பது
• டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு 2 மணி நேர பர்மிஷனைக் கேள்வி கேட்காம தருவது
• நீண்ட லீவு முடிஞ்சு வர்றவருக்கு முதல் 2 வாரம் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது
• எல்லார் முன்னாடியும் திட்டாம இருப்பது
• 14416 என்ற எண்ணை வருகைப் பதிவேடு இருக்கும் இடத்தில் ஒட்டி வைப்பது

கம்பெனியே கவுன்சலிங் ஏற்பாடு செய்திருந்தா, 'நான் பேசுறது நிர்வாகத்துக்குப் போகுமா?'ன்னு முதல் அழைப்பிலேயே கேட்டுக்கலாம். அது ஊழியரின் உரிமை. அதுக்குத் தெளிவான பதில் இல்லைன்னா, யாருமே அந்த வசதியைப் பயன்படுத்த மாட்டாங்க என்பதை நிர்வாகமும் புரிஞ்சுக்கணும்.

இன்னிக்கே செய்யக்கூடியது என்ன?

பே ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இன்ஷூரன்ஸ் பாலிசியில் மனநலம் பற்றி என்ன இருக்குன்னு பாருங்க. 14416-ஐ போன்ல சேவ் பண்ணி வையுங்க. நமக்கு இல்லைன்னாலும், எப்போதாவது பக்கத்து சீட்ல இருக்கிறவருக்குத் தேவைப்படலாம்.

(தற்கொலை எந்தப் பிரச்னைக்கும் தீர்வல்ல. மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் உடனே பேசுங்கள். டெலி மானஸ்: 14416, மாநில சுகாதார உதவி மையம்: 104, சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050)